இழைப்புளிச் சீவலும் ஆறு பதிவு முறைகளும்

ஆறு ஆண்டுகளுக்கு முன் பெரியப்பா ஒரு தேக்குப் பலகையை இழைப்பதைப் படம் பிடித்தேன். அன்று கையில் இருந்தது 8 ஜிபி மெமரி கார்டு ஒன்றுதான். காலையில் தொடங்கினால் மதியம்வரை விடமாட்டார் என்று தெரியும். அதனால் கேம்கார்டரின் மெனுவில் ‘நீண்ட நேரம்’ என்ற முறையைத் தேர்ந்தெடுத்தேன். மூன்று மணி நேரத்துக்கு மேல் பதிவாயிற்று. வேலை முடிந்ததென்று மகிழ்ந்தேன்.

பெரிய திரையில் போட்டுப் பார்த்தபோது நெஞ்சு கனத்தது. பலகை அசையாமல் கிடந்தவரை மரத்தின் ரேகைகள் தெளிவாகத் தெரிந்தன. அவர் இழைப்புளியைத் தள்ளத் தொடங்கியதும் ரேகைகள் அழிந்து பழுப்புச் சாயம் பூசியதுபோல் ஆகிவிட்டன. சுருண்டு எழும் சீவல்கள் சிறு சதுரங்களாக உடைந்தன. பெரியப்பா சிறிது நேரம் பார்த்துவிட்டு, “என்னப்பா, சீவல் பஞ்சு மாதிரி பறக்கிறது?” என்று மட்டும் கேட்டார்.

இப்போது அவருக்கு 78 வயது. அவருடைய வேலையை முழுவதுமாக, கழுந்து செதுக்குவது முதல் மெருகேற்றுவது வரை, மறுபடியும் பதிவு செய்ய வேண்டும். இந்த முறை தவறவிடக் கூடாது. அதே கேம்கார்டர்தான். அதிலுள்ள பதிவு முறைகள் ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குவது என்று முடிவு செய்தேன். அந்தச் சோதனையின் பதிவு இது.

மெனுவில் இருந்தவை ஆறு. நொடிக்கு 5, 9, 17, 24 மெகாபிட் என நான்கு முறைகள். இவை நான்கும் இன்டர்லேஸ்டு, அதாவது 50ஐ: நொடிக்கு 50 அரைப் படங்கள், இரண்டு சேர்ந்தால் ஒரு ஃப்ரேம். அடுத்தது 28 மெகாபிட், 50பி, புரோகிரசிவ்: நொடிக்கு 50 முழு ஃப்ரேம்கள். இந்த ஐந்தும் ஏவிசிஎச்டி வகை. ஆறாவது 50 மெகாபிட், 50பி, எம்பி4 கோப்பாகப் பதிவாகும் எக்ஸ்ஏவிசி எஸ். ஏவிசிஎச்டி என்பது 2006இல் சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து கொண்டுவந்த வடிவம். 50பி, 60பி பதிவு 2011இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் சேர்ந்தது. 28 மெகாபிட் உச்சமும் அப்போது வந்ததுதான். ஆறு முறைகளுமே படத்தைச் சுருக்குவது எச்.264 என்ற கோடெக்கில், அதாவது சுருக்கும் முறையில். ஆகவே கோடெக் மாறவில்லை. நொடிக்குச் செலவிடும் பிட்டுகளின் அளவான பிட்ரேட்டும் ஃப்ரேம் அமைப்பும்தான் மாறுகின்றன.

கேமராவைத் தொடுவதற்குமுன் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1920க்கு 1080 என்ற படத்தில் ஏறக்குறைய 20.7 லட்சம் புள்ளிகள். நிற விவரத்தைக் குறைத்துச் சேமிக்கும் 8 பிட், 4:2:0 அமைப்பில் ஒரு புள்ளிக்குச் சராசரியாக 12 பிட். நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் சுருக்காத படம் நொடிக்குச் சுமார் 622 மெகாபிட். 50 ஃப்ரேம் என்றால் அதன் இரு மடங்கு, 1,244. 50ஐயின் 25 ஃப்ரேமை 24 மெகாபிட்டுக்குள் அடைத்தால் 26 மடங்குச் சுருக்கம். 28 மெகாபிட் 50பியில் 44 மடங்கு. 50 மெகாபிட் 50பியில் 25 மடங்கு. என் பழைய பதிவு? 5 மெகாபிட் முறையில் படம் 1440க்கு 1080 ஆகத்தான் பதிவாகிறது. பார்க்கும்போது அகலவாக்கில் இழுத்துக் காட்டப்படுகிறது. அப்படிக் குறைத்த பிறகும் 93 மடங்குச் சுருக்கம். சீவல் பஞ்சானதில் வியப்பில்லை.

இந்தக் கணக்கின்படி 24 மெகாபிட் 50ஐ முறை 28 மெகாபிட் 50பியைவிட நன்றாக இருக்க வேண்டும். சோதனையைத் தொடங்கும்போது நானும் அப்படித்தான் நம்பினேன்.

முதல் நாள் முழுவதும் வீணாயிற்று. ஜன்னலுக்கு வெளியே காற்றில் ஆடும் ஒரு மரத்தை ஆறு முறைகளிலும் அரை நிமிடம் பதிவு செய்தேன். இலைகள் கோடெக்குக்கு மிகக் கடினமான காட்சி என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் 28 மெகாபிட் பதிவின்போது காற்று நின்றிருந்தது. 17க்கு வந்தபோது பலமாக வீசியது. நடுவில் மேகம் வந்து மூடியதால் கேமரா தானாக எக்ஸ்போஷரை ஏற்றிக்கொண்டது. போதாததற்கு, ட்ரைபாடில் வைத்திருந்தும் நடுக்கம் தடுக்கும் வசதியை அணைக்க மறந்திருந்தேன். அதனால் படம் மெல்ல நீந்தியது. ஆறு கோப்புகளும் ஆறு வெவ்வேறு காட்சிகள். அவற்றை ஒப்பிட்டு என்ன முடிவுக்கு வருவது? அத்தனையையும் அழித்தேன்.

ஒவ்வொரு முறையும் துல்லியமாக ஒரே மாதிரி அசையும் பொருள் ஒன்று வேண்டும். இரவெல்லாம் யோசித்ததில் நினைவுக்கு வந்தது பரணில் கிடந்த பழைய இசைத்தட்டுச் சுழலி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. அதன் தட்டின் மேல் செய்தித்தாளை வட்டமாக வெட்டி ஒட்டினேன். ஒரு பாதியில் பசை தடவி மரத்தூளைத் தூவினேன். விளிம்பு வேகமாக நகரும். மையத்தை நெருங்க நெருங்க வேகம் குறையும். ஆகவே எழுத்துகள் எந்த ஆரத்தில் குழையத் தொடங்குகின்றன என்று பார்த்தாலே அந்த முறையின் தாங்குதிறன் தெரிந்துவிடும். அளவுகோல் படத்துக்குள்ளேயே இருக்கிறது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. எச்.264 அசைவைக் கணிக்கும்போது ஒரு சிறு கட்டத்தை மேலே, கீழே, பக்கவாட்டில் நகர்த்தித்தான் பார்க்கும். அதைச் சுழற்றிப் பார்க்காது. எனவே சுழலும் பொருள் அதன் கணிப்பை இடைவிடாமல் பொய்யாக்கும். சுருண்டு எழும் சீவலும் அப்படித்தான் செய்கிறது.

என் கேமராவில் ஷட்டரைத் தனியாக அமைக்க வழியில்லை. சுழலியை முதலில் அறைக்குள் வைத்தபோது வெளிச்சம் போதாமல் ஷட்டர் மெதுவாக இயங்கி, விளிம்பு எழுத்துகள் எல்லா முறைகளிலும் மங்கியே விழுந்தன. அந்த மங்கல், சுருக்குவதற்கு முன்பே, சென்சாரில் படம் விழும்போது நிகழ்வது. கோடெக்குக்கு அதனால் வேலை குறைந்து, ஆறு முறைகளும் நல்லவைபோல் தோன்றிவிடும். நேர் வெயிலுக்கு மாற்றினேன். வெளிச்சம் மிகுந்தால் ஷட்டர் தானாக வேகமெடுக்கும், எழுத்துகள் கூர்மையாக நிற்கும், கோடெக் திணறத் தொடங்கும். சோதிப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மங்கிய வெளிச்சத்தில் அசைவை எடுத்துவிட்டு, குறைந்த பிட்ரேட்டே போதும் என்று முடிவு செய்வது எளிதில் நேரக்கூடிய பிழை.

இந்த முறை ஃபோகஸ், எக்ஸ்போஷர், வெண்மைச் சமன் மூன்றையும் கையால் பூட்டினேன். நடுக்கத் தடுப்பை அணைத்தேன். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் எண் எழுதிய தாளைக் காட்டினேன். சுழலி தவிர இன்னும் மூன்று காட்சிகள்: ஜன்னலோரம் அசையாமல் கிடக்கும் ரேகை நிறைந்த பலகை, குழாயிலிருந்து வாளிக்குள் விழும் தண்ணீர், ஒற்றை விளக்கு எரியும் அறையில் மெல்லத் திரும்பும் ஒரு முகம்.

நடுவே ஒரு தடங்கல். 50 மெகாபிட் முறையைத் தேர்ந்தெடுத்ததும் பதிவு செய்ய முடியாது என்று கேமரா அறிவித்தது. கார்டு 32 ஜிபி. அது எஸ்டிஎச்சி வகை, ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பு. எக்ஸ்ஏவிசி எஸ் முறைக்கு இந்தக் கேமரா எஸ்டிஎக்ஸ்சி கார்டைக் கேட்கிறது. அதில் இருப்பது எக்ஸ்ஃபேட். 64 ஜிபி கார்டு ஒன்றை வாங்கிப் போட்டதும் சரியாயிற்று.

கோப்புகளைக் கணினிக்கு மாற்றி, மீடியாஇன்ஃபோ மென்பொருளில் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தேன். மெனுவில் எழுதியிருக்கும் எண் சில முறைகளில் உச்ச வரம்பு, சில முறைகளில் சராசரி. பிட்ரேட் காட்சிக்கேற்ப ஏறி இறங்குகிறது. அசையாத பலகைக்குக் குறைவாகவும் தண்ணீருக்கு வரம்பை ஒட்டியும் செலவிட்டிருந்தது.

அடுத்து ஒப்பீடு. முதலில் ஒவ்வொரு கோப்பிலிருந்தும் ஒரு ஃப்ரேமை அசையாப் படமாக எடுத்து அருகருகே வைத்தேன். இதிலும் சறுக்கினேன். ஒரே கோப்பில் அடுத்தடுத்த ஃப்ரேம்களே வெவ்வேறு தரத்தில் இருந்தன. காரணம், ஐ-ஃப்ரேம் தன்னளவில் முழுமையானது. பி-ஃப்ரேமும் இருபுறமும் பார்க்கும் பை-ஃப்ரேமும் மற்ற ஃப்ரேம்களைச் சார்ந்து, குறைந்த பிட்டுகளில் உருவானவை. ஒரு முறையின் ஐ-ஃப்ரேமை இன்னொன்றின் பை-ஃப்ரேமோடு ஒப்பிட்டால் விடை தலைகீழாகவும் வரலாம். ஓடும் படத்தைத்தான் பார்க்க வேண்டும்.

படத்தின் தரத்தை எண்ணாகச் சொல்லும் எஸ்எஸ்ஐஎம், விமாஃப் போன்ற அளவீடுகளையும் முயன்றேன். அவற்றுக்கு மூலமும் நகலும் ஒரே காட்சியாக, ஃப்ரேமுக்கு ஃப்ரேம் பொருந்த வேண்டும். தனித்தனியே எடுத்த பதிவுகளுக்கு அவை பயன்படா. 50 மெகாபிட் கோப்பையே எடுத்து எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் கொண்டு 5, 9, 17 எனச் சுருக்கி அளந்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. செய்தேன். கணினி சுருக்கிய 5 மெகாபிட் படம் கேமராவின் 5 மெகாபிட் படத்தைவிட வெகு தெளிவாக இருந்தது. கணினி நேரம் எடுத்துக்கொண்டு பல வழிகளை ஒப்பிட்டுப் பார்த்துச் சுருக்குகிறது. கேமராவின் சில்லு, மின்கலத்தின் சக்தியில், படம் வந்துகொண்டிருக்கும்போதே முடிவெடுக்க வேண்டும். பிட்ரேட் எண் ஒன்றாக இருந்தாலும் வேலை ஒன்றல்ல. அந்த அளவீடுகளை ஒதுக்கிவைத்துவிட்டுக் கண்ணை நம்பினேன்.

கண்ணை நம்புவதென்றால் எது எந்தக் கோப்பு என்று கண்ணுக்குத் தெரியக்கூடாது. மகளிடம் கொடுத்து, கோப்புகளுக்கு அ, ஆ, இ, ஈ, உ, ஊ என்று கலைத்துப் பெயரிடச் சொன்னேன். எண் எழுதிய தாள் வரும் தொடக்கப் பகுதியையும் அவளே வெட்டிவிட்டாள். தொலைக்காட்சியின் அசைவு மென்மையாக்கல், கூர்மையாக்கல் இரண்டையும் அணைத்தேன். திரையின் உயரத்தைப்போல மூன்று மடங்குக்கும் குறைவான தூரத்தில் உட்கார்ந்தேன். அதற்கு அப்பால் போனால் 1080 வரிகளைச் சராசரிக் கண்ணால் பிரித்தறிய இயலாது. மூன்று மாலைகள் பார்த்துத் தரவரிசை எழுதினேன்.

அசையாத பலகையில் என்னால் எதையும் வரிசைப்படுத்த முடியவில்லை. ஒரு மாலை 9 மெகாபிட்டை முதலிடத்தில் வைத்திருந்தேன். கேமராவை வாங்கியதும் வீட்டிலுள்ள ஒரு பொருளைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு எல்லாம் ஒன்றுதான் என்று பலர் சொல்வது இதனால்தான். அவர்கள் பார்த்தது உண்மை. பார்த்த காட்சிதான் போதாது.

சுழலியில் எல்லாம் பிரிந்துவிட்டது. 5 மெகாபிட்டில் மையத்துக்கு அருகிலேயே எழுத்துகள் கரைந்தன. மரத்தூள் ஒரே பழுப்புப் படலம். 9 சற்றே மேல். 17இல் பாதி ஆரம் வரை எழுத்து நின்றது. 24இல் விளிம்பை ஒட்டியும் எழுத்தின் வடிவம் இருந்தது, ஆனால் சீப்பின் பற்கள்போல் பிசிறடித்தது. 28 புரோகிரசிவில் பிசிறே இல்லை. மரத்தூளின் துகள்கள் இடைக்கிடை மறைந்து தோன்றின. 50இல் துகள்கள் துகள்களாகவே சுழன்றன.

24ஐ 28 எப்படி வென்றது என்பதில் எனக்கு வெகுநேரம் தெளிவில்லை. 26 மடங்குச் சுருக்கத்தை 44 மடங்குச் சுருக்கம் மிஞ்சுவது எப்படி? விடை மரத்தின் ரேகையிலேயே இருந்தது. இன்டர்லேஸ்டு பதிவில் ஒரு ஃபீல்டில், அதாவது ஓர் அரைப் படத்தில், ஒற்றை வரிகள், அடுத்த ஃபீல்டில் இரட்டை வரிகள் என மாறி மாறிப் பதிவாகின்றன. படுக்கையாகக் கிடக்கும் பலகையின் மெல்லிய ரேகை ஒரே ஒரு வரிக்குள் அடங்கிவிட்டால், அது ஒரு ஃபீல்டில் இருக்கும், மறு ஃபீல்டில் இருக்காது; நொடிக்கு 25 முறை மின்னும். அசையும் பொருளில் இரு ஃபீல்டுகளும் வெவ்வேறு கணங்களைச் சேர்ந்தவை என்பதால் ஓரங்கள் சீப்பாகின்றன. பிவ்டிஃப் என்ற மென்பொருள் வடிகட்டியால் ஃபீல்டுகளைப் பிரித்து 50 ஃப்ரேமாக மாற்றிப் பார்த்தேன். சீப்பு போயிற்று, மின்னல் முழுவதுமாகப் போகவில்லை. பதிவாகாத வரிகளை மென்பொருள் ஊகித்துத்தான் நிரப்ப முடியும். இன்னொரு பக்கம், 50பியில் அடுத்தடுத்த ஃப்ரேம்களுக்கு நடுவே நொடியில் ஐம்பதில் ஒரு பங்குதான் இடைவெளி, அவை ஒன்றை ஒன்று பெரிதும் ஒத்திருக்கும், கணிப்பதும் எளிது. எனவே இரு மடங்கு ஃப்ரேமுக்கு இரு மடங்கு பிட்டுகள் தேவைப்படுவதில்லை. என் கணக்கில் கூட்டல் பெருக்கல் சரி. எல்லாப் புள்ளிக்கும் ஒரே விலை என்று எண்ணியதுதான் பிழை.

இன்டர்லேஸ்டு முறை குழாய்த் தொலைக்காட்சிகளுக்காகப் பிறந்தது. இன்றைய தட்டைத் திரைகள் எல்லாமே புரோகிரசிவாகத்தான் காட்டுகின்றன. இரண்டும் இருக்கும் கேமராவில் புதிதாக எதையும் 50ஐயில் பதிவு செய்ய ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. மின்சாரம் 60 ஹெர்ட்ஸாக உள்ள இடங்களில் 60ஐ, 60பி என்று படித்துக்கொள்ளலாம்.

தண்ணீரில் முடிவு சுழலியைப் போன்றதே. இருட்டறைதான் என்னை மாற்றியது. வெளிச்சம் குறைந்தால் சென்சாரின் இரைச்சல் கூடுகிறது. அந்தப் புள்ளிகள் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் தொடர்பே இல்லாமல் தாறுமாறாக மாறுபவை; கணிக்கவே முடியாதவை. கோடெக் தன் பிட்டுகளை அந்த இரைச்சலுக்கே கொட்டிவிட்டு, முகத்துக்குப் போதாமல் நிற்கிறது. 5, 9 இரண்டிலும் கன்னம் மெழுகாயிற்று, பின்சுவரில் கட்டங்கள் ஊர்ந்தன. 28இல் முகம் நன்றாக இருந்தது; ஆனால் தலை திரும்பும் கணத்தில் முடிக்கற்றைகள் ஒட்டிக்கொண்டன. 50இல் இரைச்சல் மெல்லிய மணல்போல் நின்றதே தவிர, முகத்தைத் தின்னவில்லை. பெரியப்பாவின் பட்டறையில் மாலையில் எரிவது ஒரே விளக்கு. அங்கேயே முடிவாகிவிட்டது: 50.

ஒலியும் இதற்கு ஆதரவாக நின்றது. என் கேமராவின் ஏவிசிஎச்டி கோப்புகளில் ஒலி டால்பி டிஜிட்டலாக, நொடிக்கு 256 கிலோபிட்டில் சுருக்கப்படுகிறது. எம்பி4 முறையில் சுருக்காத பிசிஎம், 1,536 கிலோபிட். இழைப்புளியின் ஓசை கேட்டே மரம் நாருக்கு எதிராகப் போகிறதா என்று பெரியப்பா சொல்லிவிடுவார். அந்த ஓசை சிதையாமல் இருப்பது எனக்கு முக்கியம்.

ஏவிசிஎச்டியில் இருக்கும் பழைய பதிவுகளைக் காக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. என் கேமரா நீண்ட பதிவை 2 ஜிபி துண்டுகளாக வெட்டிவிடுகிறது. 24 மெகாபிட் என்றால் சுமார் பதினொரு நிமிடத்துக்கு ஒரு துண்டு. அவற்றைத் தனித்தனியே எடிட்டிங் மென்பொருளில் அடுக்கியபோது இணைப்புகளில் ஒலி ஒரு கணம் துண்டித்தது. ஒரே தொடர்ச்சியின் துண்டுகளை முதலில் பைட் வரிசை மாறாமல் ஒன்றாக ஒட்டி, பிறகு மென்பொருளில் திறந்தேன்; துண்டிப்பு மறைந்தது. கார்டிலிருந்து நகலெடுக்கும்போது வீடியோ கோப்புகளை மட்டும் பொறுக்காமல் முழுக் கோப்புறையையும் எடுத்துவையுங்கள். எந்தத் துண்டு எதைத் தொடர்கிறது என்ற விவரம் மற்றக் கோப்புகளில்தான் இருக்கிறது.

50 மெகாபிட்டின் சுமையையும் சொல்லியாக வேண்டும். ஒலியோடு சேர்த்து மணிக்கு ஏறக்குறைய 23 ஜிபி. 64 ஜிபி கார்டில் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல் கொள்ளும். இரண்டு வட்டுகளில் நகல் வைப்பதால் அதுவும் இரட்டிப்பு. என் கணினி 50பி கோப்புகளை வெட்டும்போது திணறியது. சிறிய நகல் கோப்புகளை உருவாக்கி அவற்றில் வெட்டி, இறுதியில் மூலத்தோடு இணைத்துக்கொள்கிறேன். நீண்ட உரையாடல் மட்டும் என்றால், நல்ல வெளிச்சத்தில் 28 புரோகிரசிவுக்குப் போகிறேன். அதில் மனம் நெருடவில்லை.

சென்ற வாரம் பட்டறையில் முதல் பதிவு. ஜன்னல் வெளிச்சம், 50 மெகாபிட், ஃபோகஸ் பலகையின் மேல் பூட்டியிருந்தது. மாலையில் பெரியப்பாவைத் திரையின் முன் உட்காரவைத்தேன். சீவல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு விழுந்தன. அவற்றைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. முன்னால் குனிந்து, பலகையின் ஓர் ஓரத்தைச் சுட்டிக்காட்டி, “நிறுத்து. இங்கே பார், கோடு விழுகிறது. தகட்டின் முனை மழுங்கியிருக்கிறது. கையில் பட்டதே, நான்தான் விட்டுவிட்டேன்” என்றார்.

நான் பின்னோக்கி ஓட்டினேன். முடியளவு மேடு ஒன்று, இழைப்புளி போன தடத்தில், வெளிச்சம் சாய்ந்து விழும் இடத்தில் தெரிந்தது. பெரியப்பா எழுந்து சாணைக்கல்லைத் தேடப் போனார். நான் பேட்டரியைச் சார்ஜில் போட்டேன்.